நாறாத வைன்

காய்ச்சல் விட்ட பிறகு சில வாரங்களுக்கு எனக்கு எதுவுமே மணக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. தானாக வரும் என்றார்கள். வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கட்டிலில் கிடந்தபடியே, வீட்டுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். ரப்பர் எரிகிற வாடை, அதற்கு அடியில் அழுகிய வெங்காயம், அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. அந்த இனிப்புத்தான் மூன்றிலும் கேவலமாக இருந்தது. எழும்பிக் குசினிக்கு ஓடினேன். கணவர் வேலைக்கு வெளிக்கிட்டு, யன்னலோரம் நின்று கோப்பி வடித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தை எரிக்கிறீங்கள்?"

"ஒண்டும் எரிக்கேல்லையே. கோப்பி போடுறன்."

"குப்பை வாளியைப் பாருங்கோ. ஏதோ அழுகிப்போச்சு."

அவர் வாளியைத் திறந்து குனிந்து முகர்ந்தார். புதுப் பை; உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு சந்தேகத்தோடு கோப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் கழுவுதொட்டிக்குள் சத்தி எடுத்தேன்.

அன்றிலிருந்து உலகம் ஊத்தையாகிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெங்காயம், உள்ளி, கோழி, முட்டை, சொக்லேட், பற்பசை, மகள் விட்டுப்போன வாசனைத் தைலம், புதிதாய்த் தோய்த்த துவாய் எல்லாமே ஒரே பிணத்தின் வேறு வேறு துண்டுகள் போல நாறின. வெங்காயம் வதக்காமல் எங்கள் வீட்டில் என்ன சமையல்? குளிர்ந்த சோறும் தயிரும், வெள்ளரிக்காய், வெறும் பாண் இவற்றோடு நாட்கள் போயின. அருவருப்பு என்றால் ஒன்றைப் பிடிக்காமல் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிடிப்பதும் பிடிக்காததும் யோசித்த பிறகு வருகிறது. இது அதற்கு முதலே வந்துவிடும். தொண்டை முடிவெடுக்கும், நான் பிறகுதான் தெரிந்துகொள்வேன்.

நான் ஜெர்மன் நகரமான எசனில் ஒரு வைன் கடையில் வேலை செய்கிறேன். முதலில் கிளாஸ் கழுவத்தான் போனேன். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைச் செய்து முடித்து, விற்பனைக்கு வந்தேன். இத்தாலி அலுமாரி என் பொறுப்பு. எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்வது எப்போதும் சங்கடம். கணவர் குடிக்காதவர். நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் யாரும் கேட்டால், "அவ இத்தாலிச் சாமான் விக்கிற கடையில" என்பார். கேட்டவர்கள் மாவும் எண்ணெயும் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம், விழுங்குவதில்லை என்று எத்தனையோ தரம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் வேலையால் வந்து நான் பல் துலக்காமல் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மணம் அவருக்கு ஒத்துவராது.

இப்போது முகத்தைத் திருப்புகிறவள் நானாகிவிட்டேன். அவருடைய தோல், தலைமயிர், மூச்சு எல்லாம் கருகிய வெங்காயமாக நாறின. சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். குளித்தார். சவர்க்காரத்தின் வாசனை அவருடையதைவிட மோசமாக இருந்தது. மருந்துக்கடையில் வாசனை போடாத சவர்க்காரம் தேடி வாங்கி வந்து, மறுபடியும் குளித்து, ஈரத் தலையோடு அறை வாசலில் நின்றார்.

"இப்ப எப்படி?"

"பரவாயில்லை" என்றேன். சொல்லும்போதே தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையணையை எடுத்தார்.

"நான் பிள்ளையின்ர அறையில படுக்கிறன். உமக்கு நித்திரை வரட்டும்."

மகள் படிப்புக்காக வேறு நகரத்தில் இருந்தாள். அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். சாம்பிராணியைத் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிறு பாதிப் பூசையில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதைப் பார்த்த அக்கா ஒருவர் பின்னாலேயே வந்தார்.

"என்ன பிள்ளை, ஏதும் விசேஷமோ?" என்று என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

"இல்லையக்கா. மூக்குப் பிழை."

"மூக்கோ?" என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருடைய தைல வாசனை என்னைச் சுவரோடு தள்ளியது.

காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்ப்பதற்குத் தெர்மின் நேரம் கிடைக்கவே நெடுநாள் பிடித்தது. அவர் நாலு சின்னப் போத்தல் வாசனை எண்ணெய்களின் பெயரைச் சொன்னார்: ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். மூக்குக்குப் பயிற்சியாகக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அது முன்பு எப்படி மணத்தது என்று யோசிக்க வேண்டும். எப்போது சரிவரும் என்று கேட்டேன். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். வீட்டுக்கு வந்து கராம்புப் போத்தலைத் திறந்தேன். சொத்தைப் பல்லை யாரோ என் மூக்குக்குள் வைத்துக் குடைந்தது போல இருந்தது.

கடையில் இதை மறைக்கலாம் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்து, ஞாபகத்திலிருந்து பேசிச் சமாளித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து தெற்கு இத்தாலிச் சிவப்பு வைன் ஒன்றை ருசி பார்க்கக் கேட்கும்வரை அது நடந்தது. திறந்து, பழக்கத்தில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். வெயில் காலத்தில் இறைச்சிக் கடைப் பின்வாசலில் நிற்கிற குப்பைத் தொட்டி.

"மன்னிக்க வேண்டும், இந்தப் போத்தல் பழுது" என்றேன். இன்னொன்று திறந்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் திறந்து, அதுவும் பழுது என்றபோது முதலாளி உள்ளிருந்து வந்தார். அறுபது கடந்த ஜெர்மன்காரர், பெரிய உடம்பு, ஒரு முழங்கால் மடங்காது. மூன்றையும் முகர்ந்தார். ஆசிரியருக்கு ஊற்றிக் கொடுத்தார். ஆசிரியர் கண்ணை மூடிக் குடித்து, அருமை என்றார்.

பின்னறைக்குள் வந்து முதலாளி கேட்டார். "உங்களுக்கு என்ன நடக்கிறது?"

சொன்னேன். அவர் ஒரு வைன் பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப்போகிறீர்களா?"

"வீடு இதைவிட நாறுது" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து எனக்குக் களஞ்சிய வேலையும் கிளாஸ் கழுவுகிற வேலையும்.

கடையில் இடைக்கிடை ருசி பார்க்கும் மாலை நடக்கும். அப்போது துப்புகிற வாளியைக் கவனிப்பதும் என் வேலையாயிற்று. அன்றைக்குப் பழைய சிவப்பு வைன்கள். நன்றாக உடுத்த மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாய்க்குள் கொப்பளித்து, மூக்கால் காற்றை இழுத்துச் சத்தம் போட்டார்கள். ஒருவர் கண்களை மூடிக்கொண்டு, "மாட்டுத்தொழுவம்!" என்றார், ஏதோ வரம் கிடைத்தவர் போல. பக்கத்தில் இருந்தவர், "ஈரத்தோல். வியர்வை பிடித்த குதிரைச் சேணம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வாளியோடு பின்னால் நின்றேன். அதே சொற்களைச் சொல்லித்தான் நானும் முன்பு அதே போத்தல்களை விற்றிருக்கிறேன். அப்போது அவை வெறும் சொற்கள். இப்போது எனக்கு உண்மையாகவே தொழுவமும் அழுகலும்தான் கிடைத்துக்கொண்டிருந்தன, காலையிலிருந்து படுக்கும்வரை. இவர்களோ அதை விரும்பிக் கேட்டு வாங்கி, பெயர் வைத்து, பாராட்டுகிறார்கள். அவர்கள் முகத்திலேயே வாளியைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. வாளிக்குள் சிவப்பும் எச்சிலும் நூல்நூலாக, பாண் துணுக்குகளோடு ஆடிக்கொண்டிருந்தன. கழிப்பறையில் அதைக் கொட்டிவிட்டு, அதற்கு மேலேயே நானும் சத்தி எடுத்தேன்.

அதன் பிறகு, குளிர் தொடங்கிய நேரத்தில், கடைக்கு மாதிரிப் பெட்டி ஒன்று வந்தது. இத்தாலியின் வடக்கு மலைகளிலிருந்து வைன் எடுக்கிற ஒரு சிறிய இறக்குமதிக்காரர் அனுப்பியது. முதலாளிக்கு மலை வைன்களில் அக்கறை இல்லை. வாடிக்கையாளர்களுக்கு வெயில் வேண்டும் என்பார். எல்லாவற்றையும் வரிசையாக ஊற்றி, முகத்தைச் சுளித்து, "தண்ணீர்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போய்விட்டார். கிளாஸ்கள் என்னிடம் வந்தன.

கழுவும்போது மூச்சை அடக்கப் பழகியிருந்தேன். அன்று ஒரு கிளாஸைக் கவிழ்க்கும் நேரத்தில் மூச்சு முட்டி, இழுத்துவிட்டேன். தொண்டை இறுகக் காத்திருந்தேன். இறுகவில்லை. நம்பாமல் இன்னொருமுறை முகர்ந்தேன். மழையில் நனைந்த கல். குளிர்பெட்டியைத் திறந்தவுடன் வருகிற வெறும் குளிர். வேறொன்றும் இல்லை. நாறவில்லை.

போத்தலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆவோஸ்டா பள்ளத்தாக்கில், மோன் பிளாங் மலையின் அடிவாரத்தில், ஐரோப்பாவிலேயே மிக உயரமான தோட்டங்களில் சேர்த்தி என்று சொல்லப்படுகிற இடத்து வெள்ளை வைன். பாடத்தில் இரண்டு வரியோடு தாண்டிப்போன இடம். கிளாஸில் மிஞ்சியிருந்ததைக் குடித்தேன். துப்பவில்லை. கழுவுதொட்டியில் சாய்ந்துகொண்டு போத்தலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றி, அதையும் குடித்தேன். பயமில்லாமல் எதையாவது விழுங்கி எவ்வளவு நாளாயிற்று!

காரணம் எனக்குப் புரிந்தது. வெயிலில் கனிந்து, சுட்ட மரப்பீப்பாவில் கிடந்து, ஆயிரம் வாசனைகளோடு வருகிற வைனில் என் மூக்குக்குக் கெடுக்க ஆயிரம் பொருட்கள் இருந்தன. குளிரில் கஷ்டப்பட்டுப் பழுத்த இந்தத் திராட்சையில் புளிப்பைத் தவிரக் கெடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதன்பின் நான் இத்தாலி மலைகளின் வைன்களைத் தேடத் தொடங்கினேன். ஆசையால் இல்லை. வயிறு வெறுக்காத ஒன்றைத் தேடுகிற நோயாளியைப் போல. ட்ரென்டினோவிலிருந்து நோசியோலா என்றொரு வெள்ளை: மெல்லிய கொட்டைத் தோல் வாடை, தாங்கலாம், திறந்து வைத்தால் அடுத்த நாள் நாறும். தென் தீரோலின் வெளிர் சிவப்பு: குளிராக இருக்கும்வரை நல்லது; கையில் சூடேறினால் ஊறிப்போன பாத்திரத் துணி. வால்தெல்லினாவின் செங்குத்தான படித் தோட்டங்களிலிருந்து வந்த சிவப்பில் நிறைய நம்பிக்கை வைத்திருந்தேன். முதலில் காய்ந்த ரோசா போல ஏதோ தெரிந்தது. மகிழ்ந்து இரண்டாந்தரம் முகர்ந்தேன். ரோசாவுக்குப் பின்னால் சாக்கடை நின்றது. சூசா பள்ளத்தாக்கின் சிவப்பு அதைவிட மோசம். எத்தனை திறந்தாலும் கடைசியில் அந்த முதல் வெள்ளையிடம்தான் திரும்பி வந்தேன்.

முதலாளி வேடிக்கை பார்த்தார். "எப்படி?" என்பார். "நாறுது" என்பேன், அல்லது "நாறவில்லை" என்பேன். தன் வாழ்நாளில் இவ்வளவு குறைந்த சொற்களோடு யாரும் வைன் பேசிக் கேட்டதில்லை என்றார். ஆனால் ஒருநாள், "அந்த வெள்ளையைக் கடையில் வைக்கத்தான் வேண்டுமென்றால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என் முழங்காலுக்கு அந்த மலை ஏலாது" என்றார்.

கணவர் லீவு எடுத்துக்கொண்டு கார் ஓட்ட வந்தார். சுவிற்சர்லாந்து முழுவதையும் யன்னல்களைத் திறந்துவிட்டபடியே கடந்தோம். அவர் தடித்த ஜக்கெற்றும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓட்டினார். எனக்காகப் பாணும் வெள்ளரிக்காயும். அவருக்கென்று முட்டை போட்ட பாண். வாகனங்கள் ஓய்வெடுக்கிற இடத்தில் அவர் அதை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் நின்றார், பிறகு வேறிடத்துக்கு மாறினார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு பாக்கிறன். உமக்கு வரக்கூடாது."

பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்துகிற அதே கவனத்தோடு, காற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க என் மூக்கின்மேல் வெறுப்பாக வந்தது. அறுத்து எறிந்துவிடலாம் போல.

அந்த வெள்ளையைச் செய்கிற தோட்டக்காரி என் வயதுப் பெண். இத்தாலிய மொழியை எனக்காக மெதுவாகப் பேசினாள். திராட்சைப் பந்தல்கள் தரையோடு தரையாக, கற்தூண்கள்மேல், குனிந்துதான் உள்ளே போகலாம். மேலே பனிமலை. நிலவறையில் உருக்குத் தொட்டிகள் மட்டும் இருந்தன. குளிரும் ஈரமும் தவிர வாடை இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து தந்தாள். ஒவ்வொன்றும் நல்லது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பிறகு அவள் மூலையிலிருந்த ஒரு சிறிய மரப்பீப்பாவிலிருந்து, தனக்கு மிகப் பிரியமானது என்று சொல்லி ஊற்றினாள். வாயில் வைத்தேன். எரிந்த ரப்பர். வாளி எங்கே என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் அவளுடைய தரையிலேயே துப்பி, ஓங்காளித்தேன்.

அவள் முகம் கல்லானது. எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், மூக்கு, காய்ச்சல், நோய் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். 

"என் தம்பிக்கும்" என்றாள். "இன்னும் பாலாடைக்கட்டி பக்கம் போவதில்லை."

அவள் சொல்லி முடிக்கும்போதே மேலே வீட்டிலிருந்து வாடை இறங்கியது. எங்களுக்காக மத்தியானச் சாப்பாடு வைத்திருந்தாள். பெரிய சட்டி நிறைய உருகிய பாலாடைக்கட்டி. கழற்றிப்போட்ட சப்பாத்துகளையும் அழுகிய முட்டைகளையும் சேர்த்து அவித்தது போல இருந்தது எனக்கு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கையால் வெளியே போ என்று காட்டினாள். ஓடினேன். மொழி தெரியாத கணவர் அவளோடு மேசையில் தனியாக மாட்டிக்கொண்டார்.

நான் தோட்டத்து மதிலில் உட்கார்ந்து பாண் தின்றேன். நெடுநேரம் கழித்து அவர் வந்தார். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. சட்டைக் கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சிட்டன்" என்றார்.

"நீங்களோ?"

"அந்த மனுசி ஊத்திப்போட்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டது. என்ன செய்யிறது? சீ! தேசிக்காய்த் தண்ணிக்குள்ள கல்லை ஊறப்போட்ட மாதிரி. இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தூரத்திலேயே நின்றார். காற்று மலையிலிருந்து அறைந்துகொண்டு வந்தது.

"உங்களில வைன் மணக்குது" என்றேன்.

"நாறுதோ?"

எழும்பி அவர் பக்கத்தில் போனேன். சேர்ட் தைக்க அளவெடுக்க நிற்கிறவர் போல, கைகளைத் தொங்கப்போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நேராக நின்றார். ஜக்கெற்றில் முகத்தை வைத்தேன். புளிப்பான வைன், எங்கோ அடியில் கொஞ்சம் பாலாடைக்கட்டி, மற்றதெல்லாம் குளிர். அவருடைய அந்தக் கருகல் எழும்பவே இல்லை. அந்தக் குளிரில் எதுவுமே எழும்பாது.

"மூச்சை விடுங்கோ" என்றேன். "இப்ப நாறேல்லை."

அவர் விட்டார். தோட்டக்காரி எங்களைத் தேடி வந்து கூப்பிடும்வரை அப்படியே நின்றோம்.

எசனுக்குத் திரும்பிய அந்த வாரமே அவர் தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். யன்னலை அகலத் திறந்து, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் படுத்தார். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் படுத்தோம். சில நாட்கள் அவர் பக்கம் திரும்பிப் படுக்க முடிந்தது. சில நாட்கள் முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் கேட்பதில்லை.

கொண்டுவந்த வெள்ளையை முதலாளி கீழ்த்தட்டில் வைத்தார். விற்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு பெண் வாங்கிக்கொண்டு போய், இதில் ஒரு மணமும் இல்லையே என்று மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். நான் வாதாடவில்லை, அவருக்கு வேண்டியதை மாற்றிக் கொடுத்தேன். மெல்ல மெல்ல விற்பனைக்குத் திரும்பிவிட்டேன். தெற்கத்திச் சிவப்புகளை முதலாளியே திறக்கிறார். எச்சில் வாளியை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, அவரே எடுத்துப் போகிறார். தோல், தொழுவம் என்று யாராவது தொடங்கினால் எனக்கு இன்னும் கன்னம் இறுகும். அறையை விட்டுப் போய்விடுவேன்.

நாலு போத்தல்களையும் விடவில்லை. வசந்தத்தில் எலுமிச்சை எலுமிச்சையானது. கராம்பு இன்னும் கராம்பாகவில்லை. ஆனால் சொத்தைப் பல்லும் இல்லை, கருகிய காகித மட்டை போல ஏதோ ஒன்று. கோப்பியும் அப்படித்தான். பிணம் போய்ச் சாம்பல் மிஞ்சியிருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். காலங்காத்தால என்ன கதை இது என்றார்.

கோடையில் ஒரு மத்தியானம், நான் வேலையால் வந்தபோது, அவர் பல்கனியில் மின்னடுப்பை வைத்துச் சூடை மீன் பொரித்துக்கொண்டு நின்றார். துருக்கிக் கடையில் வாங்கியிருக்கிறார். உள்கதவைச் சாத்தி, கீழே துணி வைத்து அடைத்திருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, அடுப்பை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். காற்றே இல்லை. எண்ணெய்ப் புகை நேரே முகத்தில் அடித்தது.

"நீர் இவ்வளவு வெள்ளெண வருவீர் எண்டு நினைக்கேல்லை. நாறுதோ?"

"ஓம்."

"கனக்கவோ?"

தொண்டையைக் கவனித்தேன். ஏறியது. கொஞ்சநேரத்தில் இறங்கியது.

"சாப்பிட ஏலாது" என்றேன். "நிக்கலாம்."

"அப்ப நில்லும்" என்று சொல்லிவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டார்.